தண்ணீர்மலைத் தைப்பூசமும் வீட்டு ஆல்பமும்: ஆவணப் புகைப்படத் திட்டத்துக்கு முழு வழிகாட்டி

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தைப் படமெடுத்துக் கல்லூரியில் ஒப்படைக்கும் மாணவர்கள் பலர் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். நாக்கில் அலகு, முதுகில் கொக்கி, கண் செருகிய முகம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது நினைவைப் பற்றிய திட்டம் ஆகாது. யார் தூக்கிய காவடி, எதற்கான நேர்த்தி, அந்தக் குடும்பம் எந்தத் தெருவிலிருந்து நடந்து வந்தது, முப்பது வருடத்துக்கு முன் அதே இடத்தில் யார் நின்றார் என்பதெல்லாம் அந்தப் படத்தில் கிடைக்காது. வீட்டு அலமாரியில் இருக்கும் ஆல்பத்தில் கிடைக்கும். ஆகவே வேலை ஆல்பத்தில் தொடங்கி, விழாவுக்குப் போய், மறுபடி வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியும் போகிறது.

அளவைச் சுருக்குங்கள்

"பினாங்கு இந்தியர்களின் விழாக்கள்" என்பது ஒரு பருவத்தில் முடிகிற வேலையல்ல. மூன்று குடும்பம், ஒரு தண்ணீர்ப் பந்தல், ஒரு விழா போதும். மூன்று குடும்பமும் மூன்று விதமாக இருந்தால் நல்லது. தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுக்கும் வீடு ஒன்று, பந்தலில் மோரும் பானகமும் கொடுக்கும் வீடு ஒன்று, ஜார்ஜ் டவுனை விட்டுப் பட்டர்வொர்த், பிறை, பாயான் பாரு பக்கம் குடிபோய்விட்டு விழாவுக்கு மட்டும் திரும்பி வரும் வீடு ஒன்று.

மூன்றாவது வீட்டைத் தேடிப் பிடிக்கத் தனிக் காரணம் உண்டு. 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் நீங்கியபோது, பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த பலர் நகரின் உள்பகுதியை விட்டு வெளியேறினார்கள். 2008 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்தபோது கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, போனவர்கள் போனவர்களே. கடைத்தெருவிலும் குவீன் ஸ்திரீட்டிலும் தைப்பூச ரதம் வரும் நாளில் அவர்களில் சிலர் தங்கள் பழைய வாசலுக்கு எதிரே வந்து நிற்பார்கள். இந்தத் திட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி அமைவது கடினம்.

எப்போது தொடங்குவது

தைப்பூசம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். குறைந்தது பன்னிரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் நான்கு வாரம் குடும்பங்களைக் கண்டுபிடிக்கவும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கவும் போய்விடும். இந்த அனுமதியைக் கடைசியில் கேட்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். விழா நாள் தள்ளிப்போகாது, குழு கூடும் நாள் தள்ளிப்போகும். அடுத்த நான்கு வாரம் ஆல்பமும் பேச்சுப் பதிவும். பிறகு காவடி கட்டுவது, உறுமி மேளக் குழுவின் ஒத்திகை, பந்தலுக்குச் சாமான் வாங்குவது ஆகிய முன்வேலைகள். விழாவுக்குப் பின் குறைந்தது ஆறு வாரம் தேர்வுக்கும் அச்சுக்கும் ஒதுக்குங்கள்.

ஆல்பத்தைக் கையாளுதல்

முதல் சந்திப்புக்குக் கேமரா கொண்டுபோகாதீர்கள். ஆல்பத்தை வீட்டுக்காரர்கள் கையாலேயே புரட்ட விடுங்கள். எந்தப் பக்கத்தில் கை நிற்கிறது, எதை வேகமாகத் தாண்டுகிறார்கள் என்று பாருங்கள். தாண்டிய பக்கத்தை அன்றைக்குக் கேட்க வேண்டாம்.

இரண்டாம் சந்திப்பில் நகலெடுக்கலாம். 1970, 80-களின் ஆல்பங்கள் பெரும்பாலும் பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்டவை. அந்தப் பசை காலப்போக்கில் இறுகிவிடும். படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் தாள் மடிந்து, மேலே உள்ள நிறப்படலம் வெடிக்கும். மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்குக் கீழே செருகி, ரம்பம்போல் மெதுவாக இழுத்தால் பல படங்கள் கழன்று வரும். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறையை மட்டும் தூக்கி, ஆல்பத்தோடு சேர்த்தே படமெடுக்கலாம். ஹேர் டிரையரால் சூடாக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசை இளகுவதோடு படமும் வளையும்.

கழன்று வந்த ஃபோர் ஆர் (4×6 அங்குலம்) அளவுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுச் சிறு படமென்றால் 1200. தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனரில் உள்ள "நிறத்தை மீட்டமை" போன்ற தானியங்கி வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் படத்தைத் தட்டையாக வைத்து, இரு பக்கமும் ஒரே வகை விளக்கை 45 பாகையில் வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி எடுங்கள். பளபளப்புத் தாளில் கூரை விசிறி விளக்கின் பிரதிபலிப்பு விழும். அறை விளக்கை அணைத்தால் தீர்ந்தது.

பின்பக்கத்தையும் தவறாமல் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான். நீங்கள் புதிதாக எதையும் எழுத நேர்ந்தால் மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் வரியாகப் புடைக்கும்.

அந்தக் காலத்து வண்ணப் படங்கள் பல சிவந்து போயிருக்கும். தாளில் இருந்த நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிவிடுவதே காரணம். சிவப்பை நீக்கிப் பளிச்சென்று ஆக்கத் தோன்றும். அச்சிடும்போது ஒரு நகலில் செய்து பார்க்கலாம், மூலக் கோப்பில் கூடாது. படம் சிவந்ததும் அந்த வீட்டில் அது இருந்த காலத்தின் தடயம்தானே.

எந்த ஆண்டு?

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் தேதி. படமே கொஞ்சம் உதவும். பின்னணியில் ஜார்ஜ் டவுனின் உயர்ந்த கட்டடமான கொம்தார் கோபுரம் தெரிகிறதா என்று பாருங்கள். 1974 இல் தொடங்கிய கட்டுமானம் 1980-களின் நடுவில் முடிந்தது, பாதி எழும்பிய கோபுரம் தெரிந்தால் இடைப்பட்ட காலம். தண்ணீர்மலையில் 513 படி ஏறும் மலைக்கோயிலின் இன்றைய கட்டடம் 2012 இல் திறக்கப்பட்டது. தங்க ரதம் ஊர்வலத்தில் வந்திருந்தால் 2017 அல்லது அதற்குப் பின். காரைக்குடியில் செய்து 1894 இல் கொண்டுவரப்பட்ட வெள்ளி ரதம் மட்டும் இருந்தால் அதைக் கொண்டு ஆண்டைச் சொல்ல முடியாது. கார் எண் பலகை, கடைப் பலகையின் எழுத்துமுறை, சேலையின் கரை, பள்ளிச் சீருடை எல்லாம் துணைச் சான்று.

படத்தின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் அச்சான தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். கேமரா வாங்கியவர் கடிகாரத்தைத் திருத்தாமலே விட்டிருக்கலாம், பேட்டரி மாற்றியபின் அது முதல் நாளுக்கே திரும்பியிருக்கலாம். தைப்பூசக் காட்சியில் "ஜூலை" என்று இருந்தால் ஆண்டையும் சந்தேகப்பட வேண்டும்.

விழா எந்த ஆண்டு எந்த நாளில் வந்தது என்று சரிபார்க்கப் பழைய செய்தித்தாள்கள் உதவும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசும் ஸ்திரைட்ஸ் டைம்ஸும் படிக்கலாம். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களுக்கு நூலகங்களில் விசாரியுங்கள்.

பேச்சைப் பதிவு செய்தல்

"உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். படத்தை மேசையில் வைத்து, படத்துக்குள் இருக்கும் பொருளைக் கேளுங்கள். "பாட்டி, உங்க பக்கத்துல தலையத் திருப்பி நிக்கிறது யாரு?" "இந்தப் படத்த எடுத்தது யாரு, அவரு ஏன் படத்துல இல்ல?" "அன்னைக்கி வீட்டுலேருந்து எந்த வழியா நடந்து வந்தீங்க?" கடைசிக் கேள்வி மிக உதவும், தெருப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும், அவற்றில் பல இன்றைய பலகையில் இருக்காது. அவர்கள் சொன்ன பெயரையே எழுதுங்கள், இன்றைய பெயரைப் பக்கத்தில் சேருங்கள்.

ஒரே சம்பவத்தை அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை வேறு விதமாகவும் சொல்வார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. இரண்டையும் பதிந்து, இரண்டையும் படக்குறிப்பில் வையுங்கள்.

கருவி: கைப்பேசி போதும், ஆனால் விமானப் பயன்முறையில் போடுங்கள். ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. வாயிலிருந்து ஒரு முழத் தூரம். விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். பினாங்கு வெயிலில் அது பெரிய உதவிதான், அதனால் பதிவை நாற்பது நிமிடத்துக்குள் முடியுங்கள். உறுமி மேளத்தைப் பதியும்போது தானியங்கி ஒலியளவை அணைத்து, உச்ச அளவு கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாமல் கையால் அமையுங்கள். இல்லாவிட்டால் முதல் அடியிலேயே ஒலி உடைந்துபோகும், பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

அதே இடத்தில், அதே கோணத்தில்

பழைய படம் எடுத்த இடத்துக்கே போய் மறுபடி எடுப்பது இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. சும்மா போய் "ஏறக்குறைய இங்கேதான்" என்று எடுத்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பல்லிளிக்கும். முறை இது.

பழைய படத்தில் அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று என இன்றும் மாறாமல் இருக்கும் இரண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தடி நடைபாதைத் தூணின் ஓரமும் எதிர்ப்பக்கக் கடைவீட்டின் சன்னல் ஓரமும் என்று வையுங்கள். பழைய படத்தில் தூண் சன்னலை எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்து, அதே அளவு மறைக்கும்வரை இடவலமாக நகருங்கள். பிறகு உயரம்: தொலைவிலுள்ள கூரை விளிம்பும் அருகிலுள்ள பொருளும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்து ஏறவோ குனியவோ செய்யுங்கள். முன்பின் நகர்வது மூன்றாவது. லென்ஸின் குவியத் தூரத்தை மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. நிற்கும் இடம் தப்பாக இருந்தால் எந்த ஜூமும் அதைச் சரிசெய்யாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பாதிநாளை வீணாக்குபவர்கள் உண்டு.

பழைய படம் சதுரமாக இருந்தால் அது இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்ததாக இருக்கலாம். அதை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்ப்பார்கள். ஆகவே கேமரா உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். அவற்றில் வழக்கமான 80 மிமீ லென்ஸின் பார்வைக்கு, முழு அளவுச் சென்சாரில் 35 மிமீ லென்ஸில் எடுத்துச் சதுரமாக வெட்டினால் மிக நெருங்கி வரும். 1980, 90-களின் சிறு கேமராக்களில் 35 அல்லது 38 மிமீ லென்ஸ் பொதுவாக இருந்தது; அவற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்கள்.

நிழலையும் பாருங்கள். தூணின் நிழல் விழும் பக்கம் காலையா மாலையா என்று சொல்லிவிடும். ரதம் வரும் நாளில் கூட்டத்துக்கு நடுவே இத்தனையும் செய்ய முடியாது. ஒரு வாரம் முன்பே போய் இடத்தைக் கண்டுபிடித்து, தரையில் சாக்கட்டியால் குறியிட்டு, அந்தக் குறியையும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.

விழா நாள்கள்

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் நடத்தும் கோயில் வீட்டிலிருந்தும், வேல் ஏந்திய தங்க ரதம் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்தும் தண்ணீர்மலைக்குப் புறப்படும். போய்ச்சேர இரவாகிவிடும். தைப்பூசத்தன்று காவடி. அதற்குப் பிறகு ரதம் திரும்பும். மூன்று நாளும் முழு மூச்சாக எடுக்க உடம்பு ஒத்துழைக்காது. முதல் நாள் நகரத்துக்குள், பழைய வாசல்களில்; இரண்டாம் நாள் உங்கள் குடும்பத்தோடு மட்டும்; மூன்றாம் நாள் மிச்சமிருக்கும் தெம்புக்கு ஏற்ப.

இந்த மாதங்களில் சூரியன் ஏழரை மணியை ஒட்டித்தான் எழும். அதற்கு முன் தெருவிளக்கிலும் ரத விளக்கிலும்தான் எடுக்க வேண்டும். ரதத்தின் எல்இடி விளக்குகள் படத்தில் பட்டை பட்டையாக விழுவது எல்லோருக்கும் நேரும் சிக்கல். மின்னணு ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேகத்தை 1/50 அல்லது 1/100 ஆக வையுங்கள். ரதம் நத்தையாகத்தான் நகரும், அந்த வேகம் போதும். ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை தயங்காமல் போகலாம். ரதத்தின் வெளிச்சம் வெளுத்துப்போகாமலிருக்க ஒளியளவை ஒரு படி குறையுங்கள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) முகங்களை மீட்டுக்கொள்ளலாம், வெளுத்த வெள்ளியை மீட்க முடியாது. காவடி ஆடுபவருக்கு 1/250 க்குக் குறையாமல் வேண்டும்.

டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் தேங்காய் உடைப்பு. இந்தியரும் சீனரும் மலைமலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். சில்லு தெறிக்கும், இளநீர் லென்ஸில் ஒட்டும். லென்ஸுக்கு முன் ஒரு யூவி கண்ணாடி, கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி, காலுக்குத் தடித்த அடியுள்ள காலணி. உடைப்பவருக்கு முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நான்கைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ரதம் போனதும் எல்லோரும் அதன் பின்னால் ஓடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். மாநகராட்சித் தொழிலாளர்களும் மண்வாரி இயந்திரமும் ஓட்டுக் குவியலை அள்ளும் காட்சியை எடுப்பவர்கள் குறைவு.

குளிரூட்டிய அறையிலோ காரிலோ இருந்து வெளியே எடுத்த கேமராவில் உடனே பனி படியும். காற்றுப்புகாத பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். பேட்டரி மூன்று, நினைவு அட்டை இரண்டு, பையில் சிலிகா ஜெல். மூன்றுகால் நிறுத்தி வேண்டாம். கூட்டத்தில் பிறர் காலை வாரும். டிரோனை மறந்துவிடுங்கள்.

எங்கே கேமராவை இறக்க வேண்டும்

கருவறைப் பக்கம் எடுக்கக் கூடாது. மற்றப் பகுதிகளுக்குக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேளுங்கள். நீராடும் இடங்களில் எடுக்கவே கூடாது. அருள் வந்தவரின் முகத்தில் பிளாஷ் அடிப்பது அநாகரிகம் மட்டுமல்ல, தடுமாறி விழவும் வைக்கலாம். அலகு குத்தும்போது சுற்றி நிற்கும் உறவினர் வட்டத்துக்குள் நுழையாதீர்கள், அழைத்தால் போகலாம்.

ஒப்புதல் தாள் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். படம் எங்கே காட்டப்படும், இணையத்தில் வருமா, பெயர் போடலாமா, பின்னால் மனம் மாறினால் யாரை அழைப்பது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. படிக்கத் தெரியாத முதியவருக்குப் படித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலில் பதியுங்கள். அருள் நிலையில் இருந்தவரை எடுத்த படத்தை அவர் இயல்பு நிலைக்கு வந்தபின் காட்டி, மறுபடி கேளுங்கள். முன்பு கொடுத்த சம்மதம் இந்தப் படத்துக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விழா முடிந்த பிறகு

கேமராக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிடும் நேரத்தில்தான் வீட்டில் வேலை மிச்சமிருக்கிறது. காவடியைப் பிரித்து மயிலிறகைத் துணியில் சுற்றுவது, அலகு வேல்களைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைப்பது, சில நாள் கழித்து நடக்கும் இடும்பன் பூசை, அதோடு முடியும் விரதச் சாப்பாடு. பல குடும்பங்களில் அடுத்த ஆண்டு யார் எடுப்பது என்ற பேச்சும் அங்கேதான் எழும். இதற்கு அழைப்பு வராவிட்டால் நீங்களே கேளுங்கள். முன்பே மூன்று முறை வீட்டுக்கு வந்து போனவரை வேண்டாமென்று சொல்வது அரிது. சன்னல் வெளிச்சமே போதும், 35 மிமீ லென்ஸும் 1/125 உம்.

2021 தைப்பூசம் பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் வழக்கம்போல் நடக்கவில்லை. அந்த நாளில் வீட்டில் என்ன செய்தார்கள் என்று இப்போது கேளுங்கள். பூசையறை முன் கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்கள் சில குடும்பக் குழுக்களில் இன்னும் கிடக்கும். அவற்றையும் ஆல்பமாகவே கருதி, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்தது சுருக்கப்பட்டிருக்கும். கோப்பு இணைப்பாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும்.

தேர்வு, குறிப்பு, அச்சு

அன்றிரவே இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இரண்டு வாரம் படங்களைத் தொடாமலிருந்துவிட்டுப் பிறகு தேர்வைத் தொடங்குங்கள். 1,500 படம் எடுத்திருந்தால் முதல் சுற்றில் 200, இரண்டாவதில் 60. அறுபதையும் ஃபோர் ஆரில் மலிவாக அச்சிட்டுத் தரையில் பரப்பி, பழைய படங்களையும் நடுவில் கலந்து நகர்த்திப் பாருங்கள். திரையில் பார்த்தால் ஒவ்வொரு படமும் தனித்தனியாக நன்றாயிருக்கும். தரையில்தான் எது மற்றொன்றைத் திரும்பச் சொல்கிறது என்று தெரியும். இருபதில் நிறுத்துங்கள். அதில் காவடிப் படம் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுபடி யோசியுங்கள்.

படக்குறிப்பைத் தமிழில் முதலில் எழுதுங்கள். யார், என்ன செய்கிறார், எந்த இடம், என்ன தேதி, பழைய படமென்றால் யாரிடமிருந்து வந்தது. பெயரின் எழுத்தை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் செய்தால் வேறு கணினியில் குப்பையாகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் "கொ", "கோ" எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துரு உட்பொதிந்திருக்கிறதா என்றும், ஒரு பக்கத்தையாவது தாளில் எடுத்துத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் படித்தாரா என்றும் உறுதிசெய்த பிறகே மீதிப் பக்கங்களுக்குச் சம்மதம் கொடுங்கள்.

கண்காட்சிக்கு முன்பே ஒவ்வொரு குடும்பத்துக்கும் எய்ட் ஆர் (8×10 அங்குலம்) அளவில் ஐந்து அச்சும், அவர்களது ஆல்பத்தின் ஸ்கேன் அனைத்தும் பேச்சுப் பதிவும் கொண்ட பென்டிரைவ் ஒன்றும் கொடுங்கள். கழற்றி எடுத்த பழைய படங்களைப் பசை ஆல்பத்திலேயே மறுபடி ஒட்டாமல், அமிலமற்ற தாளும் மூலை ஒட்டிகளும் உள்ள புது ஆல்பத்தில், பழைய வரிசை மாறாமல் வைத்துத் திருப்பித் தர வேண்டும். வரிசையைக் குறித்து வைக்க, கழற்றும் முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு படம் எடுத்திருப்பது அவசியம்.